மலைக்குப் போட்ட மாவுக்கட்டு

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஆள் மட்டும் மாறியதே இல்லை. தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவு. உள்ளே ஒரு கட்டில், ஒரு டிராலி, ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், அலமாரி நிறையச் சுருள் சுருளாக மாவுத்துணி. இத்தனைக்கும் நடுவில் வெள்ளை படிந்த செருப்போடு ஒருவர் நிற்பாரே, அவர்தான் நம்ம ஆள். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'மாவுக்கட்டு' என்றுதான் பெயர். "மாவுக்கட்டைக் கூப்பிடு" என்று நர்ஸ் குரல் கொடுத்தால் சாமானும் வந்துவிடும், ஆளும் வந்துவிடுவார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்கு நல்ல கை. அதைவிட நல்ல வாய். விலகின எலும்பை இழுத்து நேராக்கும்போது வலி உயிர் போகும் அல்லவா, அந்த நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "எங்க விழுந்தீங்க?" வந்தவர் தன் வீரக்கதையை ஆரம்பிப்பார். கதை சூடு பிடிக்கிற இடத்தில் ஒரே இழுப்பு. எலும்பு உட்கார்ந்துவிடும். அலறி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தவர்களும் உண்டு.

அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் ஒரே மலை வரும். ஊரிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் தேசியப் பூங்கா. பூங்காவுக்கு நடுவில் மலை. மலையில் பாதி வரைக்கும் மரத்தடியில் மண் பாதை, செருப்புப் போட்டுக்கொண்டுகூடப் போகலாம். அதற்கு மேல் பாதை என்று எதுவும் கிடையாது, வெறும் பாறைதான். கையை ஊன்றி, முட்டியை ஊன்றி, விரல் நுழைகிற இடுக்கில் பிடித்துத் தொற்றித் தொற்றி ஏற வேண்டும். ஓர் இடத்தில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அங்கே தவறி விழுகிற அத்தனை பேரும் கடைசியில் வந்து சேர்வது இவருடைய கட்டிலுக்குத்தான்.

இவருடைய மனைவிக்கு ரயில்வே ஸ்டேஷனில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிற வேலை. ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவர் 'டிக்கெட்டம்மா'. காலை முதல் ரயிலுக்கு மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிற மலை ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் கொடுத்துக் கொடுத்தே வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மகளை வெளியூரில் படிக்கச் சேர்த்துவிட்டு வந்த அன்று, சாப்பாட்டு மேஜையில் டிக்கெட்டம்மா பேச்சை எடுத்தார்.

"என்னங்க, ஊரையே மலைக்கு அனுப்பி வச்சுட்டேன். நான் மட்டும் நாற்காலியத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு நீங்க ஒண்ணும் வாங்கித் தர வேணாம். உங்ககூட ஒரு தடவ அந்த உச்சிக்குப் போகணும். முட்டி நல்லா இருக்கறப்பவே போயிரணும்."

அங்கே விழுந்தவர்கள் அத்தனை பேரும் மாவுக்கட்டின் கண்முன்னால் வந்துபோனார்கள். முடியாது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதுவும் கேட்காத மனுஷி. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுக்கென்ன, பிளான் பண்ணிடலாம்" என்றார். இந்த 'பிளான்' இருக்கிறதே, அது ரொம்ப வசதியான சமாச்சாரம். ஆமாம் என்று சொன்ன மாதிரியும் இருக்கும், இல்லை என்று ஆக்கவும் இடம் இருக்கும்.

ஆனால் பிளான் போடுவதில் குறை வைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பூங்கா அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பெரிய வரைபடம் ஒன்றை வாங்கிவந்தார். கதவு அகலத்துக்கு இருந்தது. அதைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். எந்த மாதம் மழை, எந்த மாதம் காற்று, பாறை எப்போது காய்ந்திருக்கும், ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், எந்த இடத்துக்கு மதியத்துக்குள் போகாவிட்டால் திரும்பிவிட வேண்டும், எல்லாம் விசாரித்து வைத்தார். டிக்கெட்டம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தொழில்புத்தி சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியில் 'எங்க விழுந்தீங்க' என்கிற கேள்வியை இப்போது கூடுதல் அக்கறையோடு கேட்க ஆரம்பித்தார். எந்தப் பாறை, பாறைக்கு வலப்பக்கமா இடப்பக்கமா, ஏறும்போதா இறங்கும்போதா. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வெள்ளை பிளாஸ்திரியில் நகக்கண் அளவு ஒரு துண்டு கத்தரித்து, அந்த இடத்தில் ஒட்டுவார். அங்கே கால் வைக்கக் கூடாது என்று அர்த்தம்.

முதல் துண்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் அப்படியே உருண்டு முழங்கையை உடைத்துக்கொண்டார். இரண்டாவது, போட்டோ எடுக்கிறேன் என்று பின்னாலேயே நடந்துபோன ஒருவருக்கு, குதிகால். அப்புறம் புதுசாய்க் கல்யாணமான ஜோடி. கணவன் வழுக்கி விழ, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மனைவியும் விழ, இரண்டு பேருக்கும் மணிக்கட்டு. ஜோடியாக வந்து ஜோடியாகக் கட்டிக்கொண்டு போனார்கள். பூங்கா வாசலில் கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்டவருக்கும் ஒரு துண்டு ஒட்டினார். அது மலை இல்லையே என்று டிக்கெட்டம்மா கேட்டதற்கு, "மலைக்குப் போற வழியில தான?" என்றார்.

இந்த நேரத்தில் மச்சினன் உள்ளே வந்தான். டிக்கெட்டம்மாவின் தம்பி. விளையாட்டுச் சாமான் கடையில் ஷூ விற்கிறவன். ஆறடி உயரம், அதற்கு மேல் ஓரடிக்குப் பேச்சு.

"மாமா, இந்த ஷூவைப் பாருங்க. பல்லி மாதிரி பாறையைப் பிடிக்கும்."

"பல்லியும் கீழ விழுது மாப்ள."

"விழுந்தா அதுக்கு மாவுக்கட்டா போடறாங்க, மாமா? எந்திரிச்சு ஓடிருது."

இரண்டு ஜோடி ஷூவைத் தலையில் கட்டிவிட்டுத்தான் போனான். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு, பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, குடியிருப்பின் படிக்கட்டில் இருவரும் ஏறி இறங்கினார்கள். பாறை ஏறிப் பழகக் குடியிருப்பின் பின்பக்கத்துக் கல் சுவர். டிக்கெட்டம்மா கையையும் காலையும் பரப்பிச் சுவரில் ஏறுவதைப் பார்த்த வாட்ச்மேன், "சாவி தொலைஞ்சுருச்சாம்மா?" என்று ஓடிவந்தார். மாவுக்கட்டோ சுவரில் ஏறவே இல்லை. கீழே நின்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார், மேலிருந்து யாரோ குழந்தையைப் போடப்போகிற மாதிரி.

"நீங்க எப்ப ஏறப் போறீங்க?"

"நீ முதல்ல பழகு. நான் எப்ப வேணா ஏறிக்குவேன்."

பாறைப் பகுதிக்குப் பூங்காவில் ஒரு சட்டம் உண்டு. தனி ஆளை விட மாட்டார்கள். இரண்டு பேராகத்தான் பெயர் கொடுக்க வேண்டும், ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு. டிக்கெட்டம்மா தேதி சொல்லும்போதெல்லாம் மாவுக்கட்டு ஒரு சாக்கு வைத்திருந்தார். முதல் தேதிக்கு, மழை ஈரம் இன்னும் காயவில்லை. அடுத்ததற்கு, காற்று அதிகம். அதற்கடுத்தது விடுமுறை வாரம், கூட்டம் நெரிக்கும், யாராவது தள்ளிவிட்டால்? சரி, கூட்டமே இல்லாத தேதி ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார் டிக்கெட்டம்மா. "ஆளே இல்லாத மலையில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கூப்பிடறது?" என்றார் இவர்.

இப்படியே காய்ந்த மாதங்கள் கழிந்து, மழைக்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமைதான் மிச்சம் இருந்தது.

ஒரு ராத்திரி டிக்கெட்டம்மா வேலை முடிந்து வரும்போது, மாவுக்கட்டு நாற்காலி மேல் நின்று புதுசாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட்டம்மா பையைக் கீழே வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தார். நல்லாப் பார்த்தார். பச்சைக் காடு தெரியவில்லை, பாறை தெரியவில்லை, சங்கிலி கட்டின இடம் தெரியவில்லை. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் மலை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னங்க இது? மலைக்கே மாவுக்கட்டுப் போட்டு வச்சிருக்கீங்க."

சொன்னவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி மேல் நின்றபடியே மாவுக்கட்டும் சிரித்தார். ஆனால் டிக்கெட்டம்மா சிரிப்பை நிறுத்தின பிறகும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

"கீழ இறங்குங்க" என்றார் டிக்கெட்டம்மா. இறங்கினார். "இதுல கால் வைக்க எங்க இடம் விட்டிருக்கீங்க?"

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்கயாவது ஒரு வழி..."

"வேணாம்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல. அதனால ஒட்டிக்கிட்டே இருக்கீங்க. எனக்கு இது முன்னாடியே புரிஞ்சிருக்கணும், என் புத்தி." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கடைசி சனிக்கிழமைக்குப் பேர் குடுக்க ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் டைம் இருக்கு. டூட்டி முடிஞ்சு வந்து குடுத்துருவேன். என் பேரு நிச்சயம். பக்கத்துல உங்க பேரா, தம்பி பேரான்னு நீங்களே சொல்லுங்க."

விஷயம் எப்படியோ மச்சினன் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே போன். "மாமா, நீங்க எதுக்கு இந்த வயசுல அலட்டிக்கணும்? அக்காவ நான் பத்திரமா கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடறேன். நீங்க வீட்ல காலை நீட்டி ரெஸ்ட் எடுங்க." நல்ல மனசோடுதான் சொன்னான். இவன் கூடப் போனால் பத்திரம்தான், பயப்பட ஒன்றும் இல்லை. அப்படியிருக்க ஏன் இப்படிப் புசுபுசுவென்று கோபம் வருகிறது என்று மாவுக்கட்டுக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிக்கெட்டம்மா வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் மலையிலேருந்து திரும்பற ரயில் வர்ற நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. வெளிய போற கேட்டுக்குப் பக்கத்துல பெஞ்சு இருக்கு. அதுல உக்காந்து பாருங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

போனார். உட்கார்ந்தார். அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் மலை ரயில் வந்து நிற்பதை அவர் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கை ஓயாத வேலை; ஞாயிறு லீவில் வீட்டை விட்டு நகர மாட்டார்.

ரயில் வந்து நின்றது. கதவு திறந்ததும் அப்படி ஒரு கூட்டம். வெயிலில் பழுத்த முகங்கள், முட்டியில் மண், பின்பக்கம் கிழிந்த கால்சட்டை. நடந்துகொண்டே தூங்கின ஒரு பையன். ஒரே பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தபடி வந்த நரைத்த ஜோடி. எல்லோருக்கும் வாய் ஓயாத பேச்சு. மாவுக்கட்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நொண்டுகிறவரைத் தேடினார். ஒரே ஒருவர் காலை இழுத்து இழுத்து வந்தார். இவர் எழுந்து ஓடினார்.

"எங்க விழுந்தீங்க?"

"விழல சார். புது ஷூ, கடிச்சிருச்சு."

சொன்னால் வெட்கக்கேடு, மாவுக்கட்டுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

பெஞ்சுக்குத் திரும்பும்போது ஓர் இளம் பெண் வழிமறித்தாள். "சார், என்னைத் தெரியலையா?" அவர் முகத்தைப் பார்த்து விழித்தார். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். மணிக்கட்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விழுந்த புதுப்பெண். பின்னால் கணவன், முதுகில் இரண்டு பேருடைய பையோடும்.

"உச்சிக்குப் போய்ட்டு வந்துட்டோம் சார், இன்னிக்கு. அதே இடத்துல ஏறினோம்."

"அதே இடமா? அங்க எதுக்கும்மா போனீங்க? சுத்திப் போகக் கூடாதா?"

"சுத்தி எங்க சார் போறது? அதுதான வழி. எல்லாரும் அதுல தான் ஏறுறாங்க. அதனால விழறவங்களும் அங்க தான விழறாங்க." அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாவுக்கட்டு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். இத்தனை வருஷம் அவர் கதவைத் தட்டினவர்கள் விழுந்தவர்கள் மட்டும்தான். விழாதவனுக்கு அவரிடம் என்ன வேலை? அவன் இந்த கேட் வழியாக நடந்து, வீட்டுக்குப் போய், குளித்துவிட்டுத் தூங்கிவிடுவான். அவர் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி மறைத்தது ஆபத்தை இல்லை, வழியை. இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் சுவரில் மாட்டி வேறு வைத்திருந்தார். டிக்கெட்டம்மா சாயங்கால டூட்டியில் எல்லாம் கண்ணாடிக்குள் உட்கார்ந்து இந்தக் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆசை வராமல் என்ன செய்யும்?

சரி, கணக்குத் தப்பு என்று தெரிந்துவிட்டது. பயம் போயிற்றா? போகவில்லை. பிளாட்பாரம் காலியாகும் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார், அது போகிற வழியாக இல்லை. அப்புறம் எழுந்து போய் டிக்கெட் வரிசையில் நின்றார்.

அந்தக் கவுண்டரில் ஒரு வில்லங்கம் உண்டு. வெளியே நிற்கிறவர் பேசுவது உள்ளே இருப்பவருக்கு மட்டும் கேட்கும். உள்ளே இருப்பவர் பேசுவதோ ஸ்பீக்கர் வழியாகக் கூடம் முழுக்கக் கேட்கும்.

"அடுத்து" என்றது ஸ்பீக்கர். டிக்கெட்டம்மா நிமிர்ந்து பார்த்தார். ஆளைத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க போகணும்?" என்றார்.

மாவுக்கட்டு குனிந்து வாயைக் கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "எனக்குப் பயமா இருக்கு."

"பயமா?" என்றது ஸ்பீக்கர். பின்னால் பெட்டியோடு நின்றவர் எட்டிப் பார்த்தார். "மலையப் பாத்தா?"

"மலை கிடக்கு. யார் கை ஒடிஞ்சு வந்தாலும் நான் கட்டிருவேன். உன் கை ஒடிஞ்சா என்னால தொட முடியாது. என் கை நடுங்கிரும். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலை. அதையும் உனக்குச் செய்ய முடியாம நிப்பேன். அத நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரல."

டிக்கெட்டம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மைக்கை அணைக்கிற பொத்தான் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் அமுக்கவில்லை.

"கட்டுப் போட வேற ஆள் கிடைப்பாங்க" என்றது ஸ்பீக்கர். கூடம் முழுக்கக் கேட்டது. "நான் உங்களக் கூப்பிட்டது கட்டுப் போட இல்ல. கூட ஏறி வர. தம்பியோட போனா பத்திரமாத்தான் போய்ட்டு வருவேன், எனக்கும் தெரியும். ஆனா அவ்வளவு உயரத்துல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கதையா சொல்லணும். எனக்கு அது வேணாம்."

பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். மாவுக்கட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"மலைக்கு ரெண்டு" என்றார். "வர்ற சனிக்கிழமைக்கு."

ஊழியர் குடும்பத்துக்குப் பாஸ் உண்டு, டிக்கெட் எடுக்க வேண்டியதே இல்லை. அது இவருக்கு ஞாபகம் வரவில்லை. டிக்கெட்டம்மாவும் சொல்லவில்லை. விரல்கள் பாட்டுக்கு மிஷினைத் தட்டின, வாய் பாட்டுக்குத் தினமும் ஆயிரம் பேரிடம் கேட்கிற கேள்வியைக் கேட்டது.

"போறதுக்கு மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. டிக்கெட்டம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"திரும்பி வரவும் சேர்த்து" என்றார் மாவுக்கட்டு. "ரெண்டு பேருக்கும்."

டிக்கெட் இரண்டும் கண்ணாடிக்கு அடியில் வெளியே வந்தன. கூடவே வந்த கை உடனே உள்ளே போகவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, யாரும் நகரச் சொல்லவில்லை.